மார்கழி விடியலில் மக்கர் செய்யும் கார்: கார்பரேட்டரைக் கழற்றும் முன்

கார்த்திகை பிறந்து தை முடியும்வரை காரைக்குடி வட்டார மெக்கானிக்குகளுக்கு ஒரே புகார்தான் வரும். ஷெட்டில் கிடந்த அம்பாசிடரோ, பத்மினியோ, பழைய மாருதி 800-ஓ காலையில் ஸ்டார்ட் ஆக மாட்டேனென்கிறது. பிள்ளையார் நோன்புக்கும், பொங்கலுக்கும், நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கலுக்கும், தை முகூர்த்தங்களுக்கும் சென்னையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்கும் நேரம் அது. ஆச்சி பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. டிரைவர் செல்ஃபை அடித்துக்கொண்டே இருக்கிறார். "குளிருக்கு அப்படித்தான் ஆச்சி, கார்ப்ரேட்டரக் கழட்டிப் பாத்தாத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு இறங்குவார்.

இந்தத் தீர்ப்பை அப்படியே ஒப்புக்கொள்ள முடியாது. செட்டிநாட்டு மார்கழி விடியலின் குளிர் 20 டிகிரியை ஒட்டியது. அம்பாசிடரின் 1489 சி.சி. எஞ்சின் இங்கிலாந்தின் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வடிவமைத்தது, பத்மினியின் 1089 சி.சி. எஞ்சின் இத்தாலியின் ஃபியட் கொடுத்தது. உறைபனி விழும் ஊர்களில் ஓடுவதற்கென்று வடிவமைத்த எஞ்சின்கள் இவை. இவற்றுக்கு நம்மூர் மார்கழி ஒரு குளிரே இல்லை. 20 டிகிரியில் ஒரு கார் திணறுகிறதென்றால் அதற்கு முன்பே ஏதோ ஒன்று பலவீனமாகிவிட்டது. சித்திரை வெயில் அதை மூடி மறைத்தது, மார்கழி காட்டிக்கொடுத்துவிட்டது. பேட்டரி, எர்த் (கரண்ட் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு), பாயிண்ட் (தீப்பொறிக்காகக் கரண்டை விட்டு விட்டுத் துண்டிக்கும் முனைகள்), பழைய பெட்ரோல், வேலை செய்யாத சோக், பெரும்பாலும் இந்த ஐந்தில் ஒன்றுதான் குற்றவாளி. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்பரேட்டரைப் பிரிப்பது கடைசி வேலை. பழைய கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் பித்தளை ஜெட்டுகளும் மெல்லிய பேக்கிங்குகளும் இருக்கும். தேவையில்லாமல் பிரித்தால் இல்லாத கோளாறு வந்து சேரும்.

குளிர் என்ன செய்கிறது என்று இரண்டு வரியில் பார்த்துவிடலாம். திரவப் பெட்ரோல் எரியாது, அதன் ஆவிதான் எரியும். எஞ்சின் சூடாக இருந்தால் உள்ளே போகும் பெட்ரோல் முழுதும் ஆவியாகும். ஆறிக் கிடந்தால் பாதிக்கு மேல், கலவை எஞ்சினுக்குள் போகும் குழாயான மேனிஃபோல்டின் சுவரில் ஈரமாக ஒட்டிக்கொள்ளும். போதாததற்கு, செல்ஃப் சுற்றும்போது எஞ்சினின் வேகம் குறைவு. காற்று மெதுவாகப் போகிறது, ஜெட்டிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும் இழுப்பும் குறைவு. ஓடும் எஞ்சினுக்கு எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்குப் பதினான்கேமுக்கால் பங்கு காற்று சரி. ஆறிய எஞ்சினுக்கு அதைவிடப் பல மடங்கு ரிச்சாக, அதாவது பெட்ரோல் தூக்கலாகக் கொடுத்தால்தான் எரியும் அளவுக்காவது ஆவி கிடைக்கும். அந்தக் கூடுதலைக் கொடுப்பது சோக்.

முதலில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்

பானட்டைத் திறப்பதற்கு முன் ஒரே ஒரு முறை, ஐந்து விநாடி, செல்ஃபை அடித்துச் சத்தத்தைக் கேளுங்கள். 'ஊம்... ஊம்...' என்று இழுத்துச் சுற்றினால் கோளாறு பேட்டரி, கேபிள், எர்த், செல்ஃப் மோட்டார் வரிசையில். வேகமாகச் சுற்றியும் ஒரு 'டப்' கூட வரவில்லையென்றால் தீப்பொறி இல்லை, அல்லது பெட்ரோல் வரவில்லை. பிடித்து இரண்டு விநாடி ஓடி அணைந்தால் சோக், காற்றுக் கசிவு, அல்லது ஐட்லிங் வழியில் அடைப்பு. இந்தப் பிரிவினையைச் செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. செய்யாமல் ஸ்பேனரை எடுப்பவர்கள்தான் மத்தியானம்வரை ஷெட்டில் நிற்கிறார்கள்.

நான்காவதாக ஒரு சத்தம் உண்டு, பலர் அதைக் கவனிப்பதில்லை. செல்ஃப் சுற்றும்வரை சும்மா இருந்துவிட்டு, சாவியை விடும் அந்த நொடியில் எஞ்சின் ஒரு துடிப்புத் துடிக்கும். பேட்டரியின் முழுச் சக்தியையும் செல்ஃப் விழுங்கிவிட்டது, தீப்பொறிக்கு வோல்டேஜை உயர்த்தித் தரும் இக்னிஷன் காயிலுக்கு வோல்டேஜ் மிஞ்சவில்லை, சாவியை விட்டதும் மிஞ்சியது என்று பொருள். இங்கே கார்பரேட்டரில் ஒரு குறையும் இல்லை.

பேட்டரியும் எர்த்தும்

இரவு முழுக்க ஓய்வில் இருந்த நல்ல 12 வோல்ட் பேட்டரி மல்டிமீட்டரில் 12.6 காட்ட வேண்டும். 12.4 என்றால் முக்கால்வாசி, 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே இருந்தால் மேற்கொண்டு எதையும் சோதிக்காதீர்கள், முதலில் சார்ஜ் போடுங்கள். சார்ஜ் அளவு கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு: 35 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு 3.5 ஆம்பியர், பத்துப் பன்னிரண்டு மணி நேரம். அவசரத்துக்கு அதிக ஆம்பியரில் ஏற்றினால் தகடு வளையும். பிறகு, செல்ஃப் சுற்றும்போது பேட்டரிக் கம்பங்களில் அளந்து பாருங்கள். 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், வெளியே 12.6 காட்டிய பேட்டரியாக இருந்தாலும் உள்ளே உயிர் போய்விட்டது.

காரைக்குடியில் 1953-லிருந்து இயங்கிவரும் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தின் முக்கியமான ஆராய்ச்சித் துறைகளில் பேட்டரியும் உலோக அரிப்பும் அடங்கும். அதே ஊர் ஷெட்டுகளில் டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்த உப்போடு பேட்டரிகள் கிடப்பதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி ஆப்ப சோடாவைக் கரைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவினால் போய்விடும். செல்லின் மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும், சோடாத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது. கழற்றும்போது முதலில் எர்த் டெர்மினல், மாட்டும்போது கடைசியில் எர்த். மிகப் பழைய வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த், பார்த்துக் கைவையுங்கள். கம்பமும் கிளாம்பின் உட்புறமும் ஈயம் பளிச்சிடும்வரை உப்புத்தாளால் தேய்த்து மாட்டி, அதற்கு மேல் வாசலின் தடவுங்கள். தடவிவிட்டு மாட்டுவது தவறு.

பேட்டரிக்கு அடுத்தபடி ஏமாற்றுவது எர்த் பட்டை. எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது, ஆகவே பாடிக்கும் எஞ்சினுக்கும் இடையே பின்னல் செம்புப் பட்டை ஒன்று இருந்தே ஆக வேண்டும். அது அறுந்திருந்தாலோ போல்ட்டின் அடியில் துரு ஏறியிருந்தாலோ செல்ஃபின் கரண்ட் வேறு வழி தேடும். அகப்படுவது பெரும்பாலும் சோக் கேபிளும் ஆக்சிலேட்டர் கேபிளும். செல்ஃப் அடித்த கையோடு சோக் கேபிளின் வெளிச்சுருளை விரலால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் எர்த் போய்விட்டது. அப்படிச் சூடாகிச் சூடாகித்தான் உள்கம்பி இறுகிப் போகிறது. பிறகு 'சோக் கேபிள் ஜாம்' என்று புதுக் கேபிள் வாங்கிப் போடுவார்கள், அடுத்த மார்கழியில் அதுவும் இறுகும். மீட்டரில் அளப்பதென்றால் ஒரு முனையை பேட்டரியின் எர்த் கம்பத்திலும் மறு முனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்துச் செல்ஃபைச் சுற்றச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. இன்னொரு கம்பத்துக்கும் செல்ஃப் மோட்டாரின் பெரிய டெர்மினலுக்கும் இடையே 0.5 வரை விடலாம்.

தீப்பொறி

வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு வருவது மார்கழி. குளிரைவிட ஈரம்தான் இங்கே பெரிய எதிரி. இரண்டு மாதம் ஓடாமல் நின்ற காரில் தீப்பொறியே வரவில்லையென்றால், பத்துக்கு ஏழு முறை பாயிண்டின் முகத்தில் படிந்த ஆக்ஸைடுதான் காரணம். பிளக்குகளுக்குக் கரண்டைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து, பாயிண்டைத் திருப்புளியால் பிரித்துப் பாருங்கள். சாம்பல் படலம் இருந்தால் 400-ஆம் நம்பர் உப்புத்தாளை இரண்டாக மடித்து நடுவில் விட்டு இரண்டு இழுப்பு, அதன்பின் சுத்தமான விசிட்டிங் கார்டை விட்டு ஓர் இழுப்பு. ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் குழியுமாக இருந்தால் தேய்ப்பதில் பயனில்லை, புதிது போடுங்கள், கண்டன்சரையும் சேர்த்து மாற்றுங்கள்.

லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள அம்பாசிடருக்குப் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. பிளக் இடைவெளி 0.63 மி.மீ. கேமில் உரசும் ஃபைபர் குதிகால் தேயத் தேய இடைவெளி சுருங்கும். சுருங்கினால் தீப்பொறி விழும் நேரமான டைமிங்கும் பின்னுக்குப் போகும். டைமிங் பின்னுக்குப் போன வண்டி சூட்டில் எப்படியோ ஸ்டார்ட் ஆகிவிடும், காலையில்தான் அழ வைக்கும். ஆகவே பாயிண்டைத் தொட்டால் டைமிங்கையும் பார்க்க வேண்டும். கேமின் மேல் அரிசி மணி அளவுக்கு கிரீஸ் வைத்தால் போதும். அதிகம் வைத்தால் சிதறிப் பாயிண்டில் விழும்.

மூடியின் உட்புறத்தைக் காய்ந்த பருத்தித் துணியால் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பென்சிலால் கிறுக்கினதுபோல் மெல்லிய கறுப்புக் கோடு ஒரு முனையிலிருந்து இன்னொன்றுக்கு ஓடினால் அது கார்பன் தடம், கரண்ட் அந்த வழியில் கசிகிறது. துடைத்தால் போகாது, மூடியை மாற்றத்தான் வேண்டும். நடுவில் உள்ள கார்பன் பிரஷ் ஸ்பிரிங்கோடு எழும்பி அமர்கிறதா என்பதையும் விரலால் அழுத்திப் பாருங்கள். பிளக் வயர்கள் பழசாகி வெடித்திருந்தால் விடியற்கால இருட்டே நல்ல சோதனைக் கருவி: விளக்கை அணைத்துவிட்டுச் செல்ஃப் அடித்தால் நீல மினுக்கு தெரியும்.

காயிலின் நடு வயரை டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து உருவி, காப்பிட்ட பிளையரால் பிடித்து, எஞ்சின் பிளாக்கிலிருந்து 6 மி.மீ. தள்ளி வைத்துச் செல்ஃபைச் சுற்றினால் நீல நிறத்தில் 'சடக் சடக்' என்று பாய வேண்டும். மஞ்சளாக, இழைபோல் வந்தால் கண்டன்சர், காயில், அல்லது பேட்டரி வோல்டேஜ். கார்பரேட்டரில் பெட்ரோல் கசிந்து நிற்கும்போது இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.

பெட்ரோல்: இருக்கிறதா, பழசா?

ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டுக் கார்பரேட்டர் வாயைப் பாருங்கள். ஆக்சிலரேட்டர் பம்ப் உள்ள கார்பரேட்டரில் பெடலை ஒரு தடவை அழுத்தினால் மெல்லிய பெட்ரோல் பீச்சு விழ வேண்டும். விழவில்லையென்றால் கார்பரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கி நிற்கும் ஃப்ளோட் சேம்பர் காய்ந்திருக்கிறது. மூன்று வாரம் நின்ற காரில் இது இயல்பு. பெட்ரோல் ஆவியாகிப் போய்விடும். மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப் கேம்ஷாஃப்ட் சுற்றினால்தான் வேலை செய்யும், ஆக சேம்பர் நிறையும்வரை செல்ஃப் சுற்ற வேண்டும். ஏற்கெனவே தளர்ந்த பேட்டரி அதிலேயே தீர்ந்துபோகும். சில பம்புகளில் கீழே ஒரு சின்ன ஹேண்ட் லீவர் இருக்கும், அதை அடித்து நிரப்பலாம். பாரம் இல்லாமல் ஆடினால் கேம் மேட்டில் நிற்கிறது. எஞ்சினை ஒரு சுற்று திருப்பிவிட்டு அடியுங்கள். லீவர் இல்லையென்றால் இருபது முப்பது மில்லி பெட்ரோலை ஊசி நீக்கிய சிரிஞ்சால் ஃப்ளோட் சேம்பரின் காற்றுத் துளை வழியே விடுங்கள்.

கார்பரேட்டர் வாயில் பாட்டிலால் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லும் பழக்கம் நம் பக்கத்தில் நிறைய. கார்பரேட்டர் வழியே தீ திரும்பிப் பாயும் பேக் ஃபயர் ஒன்று வந்தால் கையிலிருக்கும் பாட்டில் பற்றும். பர்மாத் தேக்கில் உத்தரம் போட்ட வீட்டின் பின்கட்டு ஷெட்டில் இது விளையாட்டல்ல. இதை யார் செய்தாலும் கையைப் பிடித்துத் தடுக்க வேண்டும்.

பெட்ரோல் வருகிறது, ஆனால் பழசு என்பது அடுத்த சிக்கல். பெட்ரோலில் எளிதாக ஆவியாகும் பகுதிதான் குளிர் ஸ்டார்ட்டுக்கு உதவுவது, அதுதான் முதலில் பறந்துபோவதும். ஆறு மாதம் டேங்கில் கிடந்த பெட்ரோலுக்கு வார்னிஷ் வாடை வரும். அதை வைத்துக்கொண்டு சோக்கை எவ்வளவு இழுத்தாலும் பலன் இல்லை. டேங்கின் வடிகால் நட்டைத் திறந்து கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பத்து நிமிடம் வையுங்கள். அடியில் தனி அடுக்காகத் தண்ணீர் நின்றால் முழு டேங்கையும் வடித்துவிடுங்கள்.

2023-லிருந்து படிப்படியாக வந்து இப்போது பங்க்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இந்தக் கார்களுக்குப் பல விதத்தில் கஷ்டம் தருகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கும். ஆவியாவதற்கு எத்தனாலுக்குப் பெட்ரோலைவிட இரண்டரை மடங்கு வரை வெப்பம் தேவை, ஆறிய மேனிஃபோல்டில் அந்த வெப்பம் ஏது? தவிர, எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால் அந்தக் காலத்து ஜெட் அளவில் கலவை லீனாகிறது, அதாவது பெட்ரோல் போதாமல் காற்று மிஞ்சுகிறது. லீனான வண்டிக்குச் சோக்கை வழக்கத்தைவிட அரை நிமிடம், ஒரு நிமிடம் கூடுதலாகப் பிடிக்க வேண்டிவரும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஐட்லிங் மிக்ஸர் ஸ்க்ரூவைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பி, எஞ்சின் சீராகும் இடத்தில் நிறுத்துங்கள். சோலக்ஸ் வகைக் கார்பரேட்டரின் ஸ்க்ரூவை வெளியே திருப்பினால் ரிச்சாகும். வெறும் காற்றை மட்டும் கட்டுப்படுத்தும் ஸ்க்ரூ உள்ள கார்பரேட்டரில் அதுவே தலைகீழ். பழைய ரப்பர் டியூபுகள் எத்தனாலில் ஊறிப் பிசுபிசுக்கும், உள்ளே செதில் செதிலாக உதிர்ந்து, சேம்பருக்குள் பெட்ரோலை விட்டு நிறுத்தும் நீடில் வால்வில் போய் உட்காரும். மேலே 'எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9' என்று அச்சிட்ட டியூபைப் பார்த்து வாங்குங்கள். விலை சற்றுக் கூடுதல்தான், கொடுக்கலாம்.

சோக்: எல்லோரும் மறந்த உறுப்பு

இந்த வட்டாரத்துப் பழைய கார்களில் பாதிக்குச் சோக் கேபிளே இணைப்பில் இருக்காது. 'நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்கு சோக்' என்று எந்தக் காலத்திலோ ஒருவர் கழற்றி விட்டிருப்பார். சித்திரையில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி அடைக்கும் வேப்பர் லாக் அடித்தபோது ஃப்ளோட் மட்டத்தைக் குறைத்திருப்பார்கள், மைலேஜுக்காக மெயின் ஜெட்டைச் சின்னதாகப் போட்டிருப்பார்கள், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து சூடான காற்று எடுக்கும் குழாயைப் பிடுங்கிப் போட்டிருப்பார்கள். ஒவ்வொன்றும் கோடைக்குச் செய்த வைத்தியம். எல்லாம் சேர்ந்து மார்கழியில் காரை லீனாக்கி நிறுத்துகின்றன. கார்பரேட்டரில் கைவைக்கும் முன் இவற்றையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

சோக் மூன்று விதம். உங்கள் காரில் எது என்று தெரியாமல் ஸ்டார்ட் செய்யும் முறையைச் சொல்லவே முடியாது.

அம்பாசிடர், பத்மினிகளில் பரவலாக இருக்கும் சோலக்ஸில் வாயை மூடும் தகடு கிடையாது. ஸ்டார்ட்டர் என்று பக்கவாட்டில் தனியாக ஒரு சின்னக் கார்பரேட்டர். கேபிளை இழுத்தால் உள்ளே ஒரு வட்டத்தகடு திரும்பி, தனி ஜெட் வழியாகப் பெட்ரோலும் தனித் துளை வழியாகக் காற்றும் நேராக மேனிஃபோல்டுக்குப் போகும். இது வேலை செய்வது மேனிஃபோல்டின் வேக்குவத்தில். ஆக்சிலேட்டர் திறக்கும் தகடான திராட்டில் மூடியிருந்தால்தான் அந்த வேக்குவம் கிடைக்கும். ஆகவே சோலக்ஸ் வண்டியில் சோக்கை முழுதாக இழுத்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை முற்றிலும் எடுத்துவிட்டுச் செல்ஃப் அடிக்க வேண்டும். நம் டிரைவர்கள் செய்வது நேர் எதிர்: சோக்கை இழுத்துவிட்டு ஆக்சிலேட்டரையும் மிதித்துக்கொண்டு அடிப்பார்கள். வேக்குவம் விழும், ஸ்டார்ட்டரிலிருந்து ஒரு சொட்டும் வராது. 'சோக் போட்டும் எடுக்கல' என்ற புகாரில் கணிசமானவை காலை எடுத்தாலே தீரும்.

அதே ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் ஜெட்தான் முதலில் அடைபடும். மெயின் ஜெட் வண்டி ஓடும்போதெல்லாம் பெட்ரோலால் கழுவப்படுகிறது. ஸ்டார்ட்டர் ஜெட் வருடத்தில் சில நிமிடம்தான் வேலை செய்கிறது. மீதி நாளெல்லாம் அதைச் சுற்றிப் பிசினும் தூசும் படிகின்றன. கார்பரேட்டரைக் கழற்றாமலேயே இதை எடுத்துவிடலாம். சரியான அளவுத் திருப்புளியால் கழற்றி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள்: ஊசி முனை அளவுக்கு வட்டமான வெளிச்சம் தெரிய வேண்டும். பிறை வடிவில் தெரிந்தால் பாதி அடைப்பு. அரை மணி நேரம் கார்பரேட்டர் கிளீனரில் ஊறவிட்டு, மின்சார வயரின் ஒற்றைச் செம்பு இழையால் குத்தி, காற்றடித்து மாட்டுங்கள். ஊக்கு, எஃகுக் கம்பி எதுவும் வேண்டாம். பித்தளை மென்மையானது, துளை அகன்றால் அந்த ஜெட் குப்பைக்குத்தான்.

கேபிளைப் பொருத்தும்போது டாஷ்போர்டுக் குமிழ் முழுதும் உள்ளே இருக்கையில் லீவரில் ஒன்றிரண்டு மி.மீ. தளர்வு இருக்கட்டும். முழுதும் இழுக்கையில் லீவர் தன் கடைசித் தடுப்பைத் தொட வேண்டும். ஒருவர் உள்ளே இழுக்க, மற்றவர் பானட்டுக்குள் கண்ணால் பாருங்கள். குமிழ் வெளியே வந்தால் லீவரும் திரும்பிவிட்டது என்று நம்ப வேண்டாம்.

இரண்டாவது, பழைய அம்பாசிடர்கள் சிலவற்றில் இருக்கும் எஸ்.யு. கார்பரேட்டர். இதில் சோக்கை இழுத்தால் ஜெட்டே கீழே இறங்கும். ஊசிக்கும் ஜெட்டுக்கும் இடைவெளி கூடிப் பெட்ரோல் அதிகம் வரும். ஆக்சிலரேட்டர் பம்ப் இதில் கிடையாது. ஆகவே ஸ்டார்ட் செய்வதற்கு முன் பெடலைப் பத்து முறை மிதித்தாலும் ஒன்றும் விழாது, கால்தான் வலிக்கும். பிஸ்டனை விரலால் தூக்கி விட்டால் 'டக்' என்று சத்தத்தோடு விழ வேண்டும். தயங்கி இறங்கினால் உள்ளே பிசின். பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்தால் போதும், உப்புத்தாள் வேண்டாம். மேலே உள்ள டேம்பரில் எண்ணெய் வற்றியிருந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகும், ஆறிய நிலையில் ஆக்சிலேட்டரைத் தொட்டதும் மூச்சடைத்து நிற்கும். சோக்கை உள்ளே தள்ளிய பிறகு ஜெட் முழுதும் மேலே திரும்பியதா என்றும் பாருங்கள். திரும்பாவிட்டால் நாள் முழுக்கக் கறுப்புப் புகைதான்.

மூன்றாவது, மாருதி 800 போன்றவற்றில் வாயை மூடும் தகடு. சோக்கை முழுதாக இழுத்து, பெடலை ஒரு தடவை மிதித்து விட்டு, காலை எடுத்துவிட்டு அடியுங்கள். எஞ்சின் பிடித்ததும் தகடு தானாகக் கொஞ்சம் திறந்து காற்று விட வேண்டும். ஸ்பிரிங்கோ வேக்குவம் டயஃப்ரமோ அதைச் செய்யும். டயஃப்ரம் கிழிந்திருந்தால் பிடித்த மறுகணமே கறுப்புப் புகை விட்டு அணையும். சோக் போட்டால் மட்டும் ஓடுகிறது, உள்ளே தள்ளினால் நிற்கிறது என்றால் ஐட்லிங் வழியைத் திறந்து மூடும் மின் வால்வான சாலினாய்டைப் பாருங்கள். சாவியை ஆன் செய்ததும் அதிலிருந்து 'டிக்' என்று கேட்க வேண்டும்.

செல்ஃபை ஒரு முறைக்குப் பத்து விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள். நடுவே அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் ஓய்வு கொடுங்கள். பேட்டரியும் மீளும், செல்ஃப் மோட்டாரும் ஆறும். பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தால் ஓவர்ஃப்ளோ. சோக்கை முழுதும் உள்ளே தள்ளி, ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்திப் பிடித்தபடி ஐந்தாறு விநாடி அடியுங்கள். விட்டு விட்டு மிதிக்க வேண்டாம். அப்படியும் எடுக்கவில்லையென்றால் பிளக்குகளைக் கழற்றித் துடைத்துக் காயவையுங்கள். பிளக்கின் முகமே பேசும்: நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, தீப்பொறிதான் போதவில்லை, காய்ந்து சுத்தமாக இருந்தால் பெட்ரோலே வரவில்லை, காய்ந்த கரி படிந்திருந்தால் நெடுநாளாக ரிச்சாக ஓடுகிறது.

ஷெட் கதவைத் திறந்து வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். சோக்கில் ஓடும் எஞ்சின் கக்கும் கார்பன் மோனாக்ஸைடு நிறமும் மணமும் இல்லாதது. மூடிய அறையில் ஆளைக் கொல்லும்.

மிச்சம் இருப்பவை

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் காலையில் திணறினால் இரண்டு சந்தேகங்கள். ஒன்று, காற்றுக் கசிவு. கார்பரேட்டரின் அடி பேக்கிங், மேனிஃபோல்டு நட்டுகள், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்குவம் குழாய். ஐட்லிங்கில் விட்டு இந்த இடங்களில் ஸ்பிரே பாட்டிலால் தண்ணீர் தெளித்தால் கசிவு இருக்கும் இடத்தில் எஞ்சின் சத்தம் மாறும். பிளக் வயர்மேல் படாமல் தெளிக்க வேண்டும். இரண்டு, கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் கலவை அழுந்தும் அழுத்தம். ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நின்றது 2000 பிப்ரவரியில். அதற்கு முந்தைய வார்ப்பிரும்பு ஹெட்டுகளில் வால்வு இருக்கை மெல்லத் தேய்ந்து வால்வு உள்ளே இறங்கும், வால்வை இயக்கும் டேப்பட்டின் இடைவெளி சுருங்கும். சுருங்கியே போனால் வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் கசியும், அதைக் காலையில்தான் முதலில் உணர்வீர்கள். டேப்பட்டைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு வைத்தாலே பல எஞ்சின்கள் திருந்திவிடும்.

ஊருக்கு வருடத்தில் இரண்டு முறை வருபவர்கள் காவலாளியிடமோ டிரைவரிடமோ 'வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வைப்பா' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஐந்து நிமிடம் ஐட்லிங்கில் விட்டு அணைப்பதால் நன்மையைவிடத் தீமை அதிகம். செல்ஃப் எடுத்த கரண்ட் பேட்டரிக்குத் திரும்பாது, சைலன்சருக்குள் தண்ணீர் தேங்கித் துருப்பிடிக்கும், எரியாத பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் இறங்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இருபது முப்பது நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள். காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர்வரை போய்த் திரும்பினால் பேட்டரி, பாயிண்ட், சைலன்சர் எல்லாவற்றுக்கும் நல்லது. அதுவும் முடியாதென்றால் பம்புக்கு வரும் பெட்ரோல் டியூபைப் பிடுங்கி முனையை அடைத்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டுச் சேம்பரைக் காலி செய்து, கடைசியில் எர்த் டெர்மினலைக் கழற்றிவிட்டுப் போங்கள். பிசின் படியாது.

உண்மையான குளிரைப் பார்க்க இந்தக் கார்கள் கொடைக்கானல் போகும். அங்கே டிசம்பர், ஜனவரி இரவுகளில் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும், சில இடங்களில் உறைபனியும் விழும். போகும் முன் பேட்டரியைச் சோதித்துக்கொள்ளுங்கள். தளர்ந்த பேட்டரியைச் சமவெளியில் சமாளிக்கலாம், மலையில் முடியாது. ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதனால் கலவை தானாகவே ரிச்சாகும். சோக்கை முழுதாக இழுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். பிடித்ததும் காரைக்குடியில் தள்ளுவதைவிடச் சீக்கிரமே பாதிக்குத் தள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் பிளக் கரியாகும். மூடுபனியில் ஓட்டும்போது பத்துப் பதினைந்து நிமிடத்தில் எஞ்சின் திடீரென்று இழுவை குறைந்து நின்று, ஓரங்கட்டிச் சற்று நேரம் கழித்து ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆனால், கார்பரேட்டர் தொண்டையில் பனி கட்டி உருகியிருக்கிறது. ஏர் ஃபில்டர் மூடியில் கோடை, குளிர் என்று நிலை மாற்றும் வசதி இருந்தால் மலையேறும் முன் குளிருக்குத் திருப்பி வையுங்கள், பிடுங்கிப் போட்ட சூடான காற்றுக் குழாயைத் தேடி எடுத்து மாட்டுங்கள். வத்தலக்குண்டுக்கு இறங்கியதும் மறக்காமல் பழைய நிலைக்கு மாற்றிவிட வேண்டும்.